செங்கம் சாலையின் ஆற்றுப்படை

வழி காட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகின்ற கலைஞன், வறுமையோடு எதிரே வருகின்ற மற்றொருவனைக் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற பேற்றையும் எடுத்துச் சொல்லி அவனையும் அங்கே செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் பத்து நூல்களில் ஐந்து இவ்வகையைச் சேர்ந்தவை. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் இம்மரபிலிருந்து விலகி நிற்கவில்லை. 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டபின், அச்சங்கத்திற்குப் புலவர்களை ஆற்றுப்படுத்தும் நூலொன்றைப் பாடியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர்.

அந்தப் பழைய பணியை இன்று வேறொருவர் ஏற்றிருக்கிறார். வரலாற்றுப் பெருமை வாய்ந்த ஊர்களில், பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, தெருத்தெருவாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் நின்று கதை சொல்லும் வழிகாட்டியே அவர். ‘மரபுநடை’ என்று இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். சென்னையின் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் புதுச்சேரியின் பழைய வீதிகளிலும் இத்தகைய நடைகள் நிகழ்கின்றன; திருவண்ணாமலையிலும் நிகழ்கின்றன. வருகிறவர்கள் இதனைப் பொழுதுபோக்கு என்று எண்ணலாம். ஆனால் சொல்லால் ஆனது எதுவாயினும் அது விமர்சனத்திற்கு உரியதே. ஒரு நூலை எடுத்துக்கொண்டால், எங்கே தொடங்குகிறது, யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது, உண்மை சொல்கிறதா என்றெல்லாம் கேட்கிறோம். அதே கேள்விகளை ஒரு நடையிடமும் கேட்க வேண்டும். அச்சில் வந்த பிழையைப் பத்துப் பேர் திருத்துவார்கள். வாய்மொழியில் விடுபட்டதைத் திருத்துவதற்கு ஆளில்லை.

இந்த ஆய்வுக்குத் திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியை நாம் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. ஆசிரமம் அமைந்திருப்பது செங்கம் சாலையில். அச்சாலை சென்றடையும் செங்கமே, சங்க காலத்தில் ‘செங்கண்மா’ என்று வழங்கிய ஊர் என்பது அறிஞர் கருத்து. அவ்வூரை ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் பாட்டே மலைபடுகடாம். 583 அடிகளைக் கொண்ட ஆற்றுப்படை அது. ஆகவே இன்றைய வழிகாட்டி எந்த மண்ணில் நின்று பேசுகிறாரோ, அந்த மண்ணிலேயே அவரை அளப்பதற்கான அளவுகோலும் கிடைக்கிறது.

அந்தப் பாட்டு காட்டும் முறை எத்தகையது? அது நன்னனின் புகழை மட்டும் சொல்லி முடிப்பதில்லை. வழியில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், பாசி படர்ந்து வழுக்கும் பாறை எது என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. எந்தக் குடிசையில் என்ன உணவு கிடைக்கும், யார் உறவினரைப் போல் வரவேற்பார்கள் என்றும் சொல்கிறது. போரில் மாண்டோரின் பெயர் பொறித்த நடுகற்கள் வழியில் நிற்பதையும் காட்டுகிறது. அவற்றையொத்த கற்கள் இப்பகுதியில் ஏராளமாகக் கிடைத்தன. தமிழ்நாடு தொல்பொருள் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே வெளியிட்டது. ஆக, சென்றடையும் இடம், வழியில் வாழ்வோர், வழியில் மாண்டோர், வழியிலுள்ள ஆபத்து ஆகிய நான்கையும் சொல்பவனே ஆற்றுப்படுத்துபவன். இந்நான்கில் இன்றைய நடைகள் எத்தனையைச் சொல்கின்றன?

புறப்படும் தடம்

ரமணாசிரமத்தை மையமாகக் கொண்ட நடைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. ஆசிரமத்தின் பின்புறமிருந்து மலைமேல் ஏறும் கற்பாதை வழியே ஸ்கந்தாசிரமம். அங்கிருந்து இறங்கி விரூபாட்ச குகை. பிறகு ஊருக்குள் நுழைந்து அண்ணாமலையார் கோயில். கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்தின் கீழுள்ள பாதாள லிங்கம். கதையும் இதற்கேற்ப அமைகிறது. 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயது வேங்கடராமன் இவ்வூருக்கு வந்தார். பாதாள லிங்கத்தில் தன்னை மறந்து அமர்ந்தார். 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். அவ்வாண்டு தாயார் அழகம்மாள் மறைந்து மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டபின், அவ்விடத்தைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். இடையிடையே, 1934-இல் வெளியான தம் நூலால் இந்த ஆசிரமத்தை மேலைநாடுகளுக்கு அறிமுகப்படுத்திய பால் பிரண்டனும், 1938-இல் வந்து சென்று 1944-இல் நாவல் எழுதிய சாமர்செட் மாமும் தவறாமல் தலைகாட்டுவார்கள்.

இந்நடைகளில் நன்மை இல்லை என்று சொல்வதற்கில்லை. பேருந்திலிருந்து இறங்கி, கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பேருந்தில் ஏறும் கூட்டத்தை இவை சற்றே நிறுத்துகின்றன. காலால் நடப்பவன், வண்டியில் போகிறவன் காணாததைக் காண்கிறான். உள்ளூர் இளைஞர்கள் சிலருக்குப் பிழைப்பும் கிடைக்கிறது. நடப்பதன் சிறப்பை அறிந்தவர் ரமணரும்கூட. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவலப் பாதையை அவர் 1926 வரை அன்பர்களோடு பலமுறை சுற்றி வந்தார். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் மெல்ல நடக்க வேண்டும் என்பது அவர் கூற்றாக வழங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் ஊரை முடித்துவிடத் துடிக்கும் வழிகாட்டிகள் எண்ணிப் பார்க்கத்தக்க அறிவுரை இது.

நம் குறை வேகத்தைப் பற்றியது அன்று, விடுபட்டவர்களைப் பற்றியது.

மௌலவி சொன்ன வழி

வேங்கடராமன் திருவண்ணாமலைக்கு வந்த கதையில் ஒரு சிறு காட்சி உண்டு. ரமணரின் வாழ்க்கை வரலாற்று நூல்கள் அதனைத் தெளிவாகவே பதிந்து வைத்திருக்கின்றன. 1896 ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திற்கெனத் தரப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, சிறுவன் மதுரையை விட்டுப் புறப்பட்டான். அவன் புரட்டிப் பார்த்த பழைய நிலப்படம் திருவண்ணாமலைக்கு இருப்புப்பாதை இருப்பதைக் காட்டவில்லை. ஆதலால் திண்டிவனம் வரை சீட்டு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினான். அதே பெட்டியில் முதிய மௌலவி ஒருவர் அமர்ந்து, சுற்றியிருந்தோருக்கு இறைநேசச் செல்வர்களின் வரலாறுகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். மூலையில் எதிலும் கலக்காமல் இருந்த சிறுவனை அவரே அழைத்து, எங்கே செல்கிறாய் என்று வினவினார். திருவண்ணாமலை என்றான். விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே இரயில் உண்டு, திண்டிவனம் போக வேண்டியதில்லை என்று எடுத்துரைத்தார் மௌலவி. தாமும் அத்திசையில் திருக்கோவிலூருக்குப் போவதாகச் சொன்னார்.

விழுப்புரத்தில் இறங்கிய சிறுவனிடம் எஞ்சியிருந்த காசு மாம்பழப்பட்டு வரைக்குமே போதியதாயிருந்தது. அங்கிருந்து நடந்தான், திருக்கோவிலூரை அடுத்த கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்தான், செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையில் வந்து இறங்கினான்.

இக்காட்சியை நாம் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்? இதில் அற்புதம் எதுவுமில்லை. சக பயணிக்குச் சரியான வழியைச் சொல்வது எளிய மனிதக் கடமை. அதனை அந்த மௌலவி செய்தார். பெயரையும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் ‘திருவண்ணாமலைக்கு வழி எது’ என்பதைப் பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் கேட்கக் காரணமாயிருந்த ஒருவருக்கு, அவ்வழியைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மௌலவி என்பது, வழிகாட்டலையே தொழிலாகக் கொண்டோர் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தியல்லவா? நாம் உடன் நடந்து கேட்ட உரைகளில் கடுக்கன் வந்தது, அடகுச் சீட்டு வந்தது, மௌலவி வரவில்லை. இதில் வன்மம் இருப்பதாக நாம் கருதவில்லை. கதையைச் சுருக்கும்போது எவர் பெயரற்றவரோ அவரே முதலில் உதிர்கிறார். பெயரற்றவர் உதிர்வது பழக்கமாகிவிட்டால், பெயருள்ளவர்களும் உதிரத் தொடங்குவார்கள்.

தேசூர் நெசவாளர்

அப்படி உதிர்ந்த பெயர் மஸ்தான். வந்தவாசிப் பக்கத்துத் தேசூரில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த நெசவாளர் அவர். ரமணர் விரூபாட்ச குகையில் வாழ்ந்த காலத்திலேயே அவரைத் தேடி வந்தவர். தேசூரைச் சேர்ந்த அகிலாண்டம்மாள் என்னும் அம்மையாரும் அவரும் ஊரிலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்தே வருவது வழக்கம். மலையேறி வந்ததும் மஸ்தான் சிலைபோல் அசைவற்று நெடுநேரம் அமர்ந்துவிடுவாராம். ரமணருக்கெனக் கோவணமும் துண்டும் தம் தறியில் நெய்து கொடுத்தவர் அவர்.

செங்கம் சாலையிலுள்ள கடைகளில் ரமணர் படம் இல்லாத கடை அரிது. படத்தில் அவர் உடலில் இருப்பது ஒரு கோவணம் மட்டுமே. அந்தத் துறவைப் பற்றி வழிகாட்டிகள் உருக்கமாகப் பேசுகிறார்கள். அத்துறவிக்குத் துணி நெய்த கைகளைப் பற்றியும் ஒரு சொல் பேசலாம். ‘மஸ்தான்’ என்னும் சொல்லை நாம் நன்கு அறிவோம். இறைக்காதலில் தன்னை மறந்தோர்க்கு வழங்கும் பெயர் அது. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தமிழகத்தில், தேசூர் மஸ்தானும் அயலவர் அல்லர்.

1931-இல் மஸ்தான் மடம் என்னும் சிற்றூரில் மறைந்தபோது, ரமணர் தம் அணுக்கத் தொண்டர் குஞ்சு சுவாமியை அங்கே அனுப்பி, திருமந்திரம் கூறும் முறையில் சமாதி அமைக்கச் செய்தார். ஒரு நெசவாளரின் அடக்கத்திற்கு அவர் காட்டிய அக்கறை இது.

இந்த இடத்தில் நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை தேவை. மஸ்தானைச் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்பது, அவரை ‘எங்களவர்’ என்று பட்டியலில் ஏற்றிப் பெருமை கொண்டாடுவதற்காக அன்று. அவர் பிறந்த இல்லம் ஒன்று. அவர் அடக்கமான முறை வேறொன்று. இரண்டையும் உள்ளவாறே சொல்வதுதான் நேர்மை. ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டுவோர் எப்பக்கத்தில் நின்றாலும் மஸ்தானுக்குத் தீங்கே செய்கிறார்கள். அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகம்மது ஹாபிஸ் சையித் ஆசிரமத்திற்கு வந்ததும் ரமணரைப் பற்றி எழுதியதும்கூட இவ்வாறே உள்ளது உள்ளபடி சொல்லத்தக்க செய்திகள். அயல்நாட்டு எழுத்தாளர் ஒருவர் சில மணி நேரம் வந்து போனதற்கு உள்ள மதிப்பு, உள்நாட்டு நெசவாளர் ஆண்டுக்கணக்கில் நடந்து வந்ததற்கும் இருக்க வேண்டும்.

வல்லாளனும் இப்னு பதூதாவும்

இனிமையான செய்திகளை மட்டும் சேர்க்கச் சொல்வது விமர்சனம் ஆகாது, அது விண்ணப்பம். நமக்குக் கசக்கும் செய்தியும் நடையில் இடம்பெற வேண்டும் என்று கேட்கும்போதுதான் நம் கேள்விக்கு வலிமை பிறக்கும்.

அண்ணாமலையார் கோயிலில் வல்லாள மகாராஜன் கோபுரம் என்று ஒன்று உண்டு. போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளரின் பெயர் தாங்கியது அது. 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பைச் சந்தித்த அம்மன்னர், தம் இறுதிக் காலத்தில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர். பிள்ளையில்லாத அவருக்கு இறைவனே மகனாக வந்தான் என்பது கோயிற்கதை. இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் அண்ணாமலையார் அவருக்குத் திதி கொடுக்கும் சடங்கு நடைபெறுகிறது. வழிகாட்டிகள் இதனை விரும்பிச் சொல்கிறார்கள்.

அந்த மன்னர் எப்படி இறந்தார் என்னும் கேள்விக்குப் பெரும்பாலும் விடை வருவதில்லை. வந்தாலும் ‘துருக்கர் கொன்றனர்’ என்ற ஒரே தொடரில் முடிந்துவிடுகிறது. உண்மையில் அந்தச் சாவைப் பற்றி நெருங்கிய காலத்துச் சான்று தந்தவர் ஒரு முஸ்லிம் பயணியே. தாஞ்சியரிலிருந்து 1325-இல் புறப்பட்டு உலகைச் சுற்றிய இப்னு பதூதா, மதுரைச் சுல்தான் கியாசுத்தீனிடம் வந்து தங்கினார். இருவரும் அக்காள் தங்கையரை மணந்தவர்கள். ஆக, நெருங்கிய உறவினர்கள். எண்பது வயதைக் கடந்த வல்லாளர் 1342-43 அளவில் கண்ணனூர்ப் போரில் தோற்றுச் சிறைப்பட்டார். செல்வத்தையெல்லாம் வாங்கிக்கொண்டபின் சுல்தான் அவரைக் கொல்வித்துத் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். அதனைத் தம் கண்ணாலேயே கண்டதாக எழுதுகிறார் இப்னு பதூதா. அம்மட்டோடு நிற்கவில்லை. அச்சுல்தான் சிறைப்பிடித்த எளிய மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு வதைத்ததையும் எழுதி, இப்படிப்பட்ட கொடுமையை வேறெந்த மன்னனிடமும் தாம் கண்டதில்லை என்றும், இதனாலேயே இறைவன் அவன் சாவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்புரைத்தார்.

உறவினன், மன்னன், தம் மார்க்கத்தைச் சேர்ந்தவன், விருந்தோம்பியவன்: இத்தனை கட்டுகளையும் மீறி ஒரு பயணி எழுதிய உண்மை அது. அதைச் சொல்லும் வழிகாட்டி, கோபுரத்தடியில் நிற்கும் இந்துச் சிறுவனுக்கும் முஸ்லிம் சிறுவனுக்கும் ஒரே சமயத்தில் நன்மை செய்கிறார். முன்னவன் கொடுமையை அறிகிறான். அக்கொடுமையைக் கண்டித்த முஸ்லிமின் குரலையும் அறிகிறான். பின்னவன், எழுநூறு ஆண்டுக்கு முற்பட்ட ஒரு சுல்தானின் பாவத்தைத் தன் தோளில் சுமக்க வேண்டியதில்லை என்பதையும், இப்னு பதூதாவின் நேர்மை தனக்கும் உரிய மரபு என்பதையும் அறிகிறான். பாதிக் கதையைச் சொல்வது இருவருக்கும் தீங்கு.

இதைப் போலவே செங்கம் சாலையின் கதையும். மலைநாட்டிலிருந்து ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்ப் பாதை அது. முதல் மைசூர்ப் போரில், 1767 செப்டம்பர்த் தொடக்கத்தில் செங்கம் கணவாயிலும் அம்மாத இறுதியில் திருவண்ணாமலையிலும் கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படையோடு ஹைதர் அலியும் நிஜாமின் படையும் மோதின. இரண்டிலும் கம்பெனிப் படையே வென்றது. ஆயினும் 1769-இல் சென்னையின் வாசல்வரை குதிரைப்படையோடு வந்து உடன்படிக்கை எழுத வைத்தவர் ஹைதர். அந்தப் போர் கடந்துபோன வட்டாரத்தில் நின்று, அதைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல், நடப்பவர்கள் உணவு விடுதிக்குள் நுழைகிறார்கள்.

வழியில் வாழ்வோர்

மாண்டவர்களைப் பற்றிப் பேசினோம். வாழ்பவர்கள் கதி என்ன? மலைபடுகடாம் குறவர் குடிசையையும் இடையர் சேரியையும் உழவர் ஊரையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறது. இன்றைய நடையோ, ஸ்கந்தாசிரமத்திலிருந்து ஊருக்குள் இறங்கும்போது மலைச்சரிவில் ஒட்டியிருக்கும் வீடுகளை வெறும் இடைவெளியாகக் கடக்கிறது. ‘அடுத்து நாம் காணப்போவது கோயில்’ என்று சொல்லிக்கொண்டே வழிகாட்டி வேகமாக நடக்கிறார். குழாயடியில் குடம் வைத்து நிற்கும் பெண் அவருடைய கதையில் இல்லை.

2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அந்தச் சில நாட்களில் நாடே அத்தெருவின் பெயரை உச்சரித்தது. பிறகு மறந்தது. மலையைப் புனிதம் என்று வணங்கி வருவோர் பல இலட்சம். அம்மலையின் மடியில் இடமின்றி ஒண்டியிருப்போர் யார், ஏன் அங்கே ஒண்டினார்கள் என்று கேட்போர் சிலர். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியில் குளிர்காலம் தோறும் வெளிநாட்டவர் வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள்; அவர்களுக்கென்று விடுதிகளும் உணவகங்களும் பெருகுகின்றன. இந்த வளர்ச்சியில் யாருக்கு இடம் கிடைத்தது, யார் ஒதுங்க நேர்ந்தது என்பதும் ஊரின் வரலாறே. வழுக்கும் பாறையைச் சொல்லாமல் விடும் ஆற்றுப்படை ஆற்றுப்படையாகாது. சரிந்த பாறையைச் சொல்லாமல் விடும் நடையை என்ன பெயரிட்டு அழைப்பது?

துயரத்தைக் காட்சிப்பொருளாக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. வீட்டு வாசலில் கூட்டமாக நின்று படம் எடுப்பது அநாகரிகம். தெருமுனையில் ஒரு நிமிடம் நின்று, தாழ்ந்த குரலில், ‘இங்கே இது நடந்தது’ என்று சொல்லிவிட்டு நகரலாம். நடுகல்லின் முன் கூத்தர்கள் நின்றதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அகமதாபாத்தின் பாடம்

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று வினவுவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1411-இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய அகமதாபாத் நகரில், 1997 நவம்பர் 19 அன்று மாநகராட்சியே ஒரு மரபுநடையைத் தொடங்கியது. காலுபூர் சுவாமிநாராயண் கோயிலில் புறப்பட்டு, ‘போள்’ எனப்படும் பழைய குடியிருப்புகளின் சந்துகளினூடே சென்று, 1424-இல் கட்டி முடிக்கப்பட்ட ஜும்ஆப் பள்ளிவாசலில் நிறைவுறும் நடை அது. கோயிலிலிருந்து பள்ளிவாசலுக்கு என்னும் அந்தத் தடமே, ஒரு சொற்பொழிவும் இல்லாமல், நகரத்தின் இயல்பை எடுத்துரைக்கிறது. 2017-இல் அந்நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று.

ஆயினும் அந்த நடை தொடங்கி ஐந்தாம் ஆண்டிலேயே, 2002-இல், அதே நகரம் பற்றியெரிந்ததை மறைப்பதற்கில்லை. உருதுக் கஸலின் தந்தை எனப் போற்றப்படும் கவிஞர் வலீ 1707-இல் மறைந்து அடங்கிய கல்லறை அப்போது இடிக்கப்பட்டது. அதன்மேல் உடனே தார்ச்சாலையும் போடப்பட்டது. இன்று அவ்வழியே செல்லும் வண்டிகளுக்கு, கீழே ஒரு கவிஞன் இருக்கிறான் என்பது தெரியாது.

இதனால் மரபுநடைகள் பயனற்றவை என்று முடிவு கட்டலாகாது. நல்ல தடம் ஒன்றே ஒரு நகரத்தைக் காப்பாற்றிவிடாது என்பது உண்மை. ஆனால் இடித்தவன் எதை விரும்புகிறான்? அங்கே ஒன்று இருந்தது என்பதையே எவரும் அறியாதிருக்க வேண்டும் என்று விரும்புகிறான். அந்த இடத்தில் நின்று, ‘இங்கே வலீ இருந்தார்’ என்று சொல்ல ஒரு வழிகாட்டி உள்ளவரை அவன் விருப்பம் முழுமையாக நிறைவேறுவதில்லை. கல் போனபின்னும் எஞ்சி நிற்பது சொல். அதனால்தான் வழிகாட்டியின் சொல்லை இவ்வளவு கண்டிப்போடு எடைபோடுகிறோம்.

முடிந்து வைத்த புல்

முடிவாக, திருவண்ணாமலைக்கு எத்தகைய நடை வேண்டும்? தடத்தை நாமே குறித்துத் தருகிறோம். இரயில் நிலையத்தில் தொடங்குக. அங்கே மௌலவியின் சொல்லை நினைவுகூர்க. கோயிலுக்குள் வல்லாள மகாராஜன் கோபுரத்தடியில் நின்று, மாசி மகத்துத் திதியையும் இப்னு பதூதாவின் சான்றையும் ஒருசேரச் சொல்க. மலையடிவாரத் தெருமுனையில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்க. மலையேறி விரூபாட்ச குகையின் வாசலில் தேசூர் மஸ்தானின் தறியைப் பேசுக. ஸ்கந்தாசிரமத்தைக் கண்டு, ஆசிரமத்தில் இறங்கி, செங்கம் சாலையில் மேற்கு நோக்கி நின்று, ஹைதரின் குதிரைப்படையையும் நன்னனைத் தேடிச் சென்ற கூத்தரையும் ஒரே மூச்சில் நினைத்து நிறைவு செய்க. இதில் இன்றைய நடையிலிருந்து நீக்கப்பட்டது எதுவுமில்லை. ரமணரும் இருக்கிறார், பிரண்டனும் இருக்கிறார். அவர்களோடு மற்றவர்களும் இருக்கிறார்கள்.

வழிகாட்டிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தம்மிடம் யாரும் சொல்லாததை அவர்கள் எங்கிருந்து சொல்வார்கள்? நம் குடும்பங்கள் வாழும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் மேலப்பாளையத்திலும் வாணியம்பாடியிலும் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்தத் தறி எந்த வீட்டில் ஓடியது, பள்ளிவாசலின் தூணைச் செதுக்கிய சிற்பி எந்த ஊரார், கந்தூரிக்கு முதல் அரிசி எந்தச் சமயத்தார் வீட்டிலிருந்து வந்தது என்பவற்றையெல்லாம் அறிந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து அவர்களிடம் அனுப்புவதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. பெருமைக்குரியதையும் சிறுமைக்குரியதையும் கேட்டவாறே எழுதச் சொல்லுங்கள். அவ்வேடுகளே நாளைய வழிகாட்டிக்குப் பாடநூல்.

மலைபடுகடாத்தில் ஒரு நுட்பமான அறிவுரை வருகிறது. வழி பிரியும் இடங்களில், சரியான பாதையைத் துடைத்துத் தெளிவாக்கி, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுச் செல்லுமாறு கூத்தரை வேண்டுகிறது அப்பாட்டு. பின்னால் வருவோர் தடுமாறக் கூடாது என்பதற்காக. விழுப்புரத்தில் வண்டி மாறச் சொன்ன மௌலவியும் அத்தகைய முடிச்சு ஒன்றையே போட்டார். நம் காலத்திற்கும் நம் தெருக்களுக்கும் உரிய முடிச்சுகளை நாமே போட வேண்டும்.